மே மழைக்கு முன் ஒரு காலை

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு தேயிலை மலைக்கும் றப்பர் பால்வெட்டுக்கும் போகும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டு வைக்கும் அப்பாயி, அம்மாயிமாருக்கும் எழுதும் மடல் இது.

இது உங்களிடம் ஒரு காலைப்பொழுதைக் கேட்கிறது. காரணத்தைச் சொல்லாமல் கேட்பது நியாயமில்லை. ஒரு காலைப்பொழுது உங்களுக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம். அரைப்பேர் போனால் மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் அது தெரியும், கடைக்கார முதலாளியின் கணக்குக் கொப்பியிலும் தெரியும். அதை அறிந்துகொண்டுதான் இந்த மடல் கேட்கிறது.

பள்ளிக்கூடத்தின் கேட்டோடு நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். பிள்ளையின் தலையை வாரி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்து, சப்பாத்துக் கயிற்றை முடிந்து விடுகிறீர்கள். கேட்டு வரைக்கும் கூட்டி வருகிறீர்கள். அதற்கு மேல் உள்ளே போவதென்றால், ஏதோ குழப்படி நடந்து அதிபர் ஆளனுப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போடும் நாளாக இருக்க வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் கேட்பது ஒரே கேள்வி: “எத்தன மார்க்ஸ்?” பிள்ளையும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். இந்தத் தவணையில் அந்தப் பிள்ளை என்ன படித்தது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

அதைக் கொஞ்சம் கேளுங்கள். தரம் மூன்று, தரம் நான்கு பிள்ளைகளின் கொப்பிகளைப் பிரித்தால் தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனியாக அட்டை போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் உங்கள் விஷயம்தான்.

மாசி மாதம் றப்பர் மலைக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்குகிறது. தையில் கொட்டத் தொடங்கும் இலை மாசியில் மரத்தை மொட்டையாக்கி, பிறகு செம்பு நிறத் தளிராக வந்து, பங்குனிக்குள் பச்சையாகிவிடும். பால் குறைகிற காலம் அது. உங்கள் கைக்காசும் குறைகிற காலம். நாலு பருவங்களைப் படத்தில் மட்டும் பார்க்கிற நம் நாட்டுப் பிள்ளைகளில், மரம் ஒன்று முழுவதாக இலை உதிர்த்துத் தளிர் விடுவதை வீட்டு வாசலிலிருந்து பார்க்கிறவர்கள் உங்கள் பிள்ளைகள். சுற்றாடல் பாடத்தில் தாவரங்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தப் பிள்ளை வகுப்பிலேயே பெரிய ஆளாக எழுந்து நின்று பேச வேண்டும். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும் மரம் அது. ஏழு காம்பைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் மூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழாம் வரி கையில் இருக்கிறது. 1876இல் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை தாவரவியல் பூங்காவில்தான் இந்த மரம் இலங்கை மண்ணில் முதலில் நடப்பட்டது, அதன் சொந்த ஊர் கடலுக்கு அப்பால் அமேசன் காடு என்று ஆசிரியர் சொன்னால், அங்கே பூகோளமும் வரலாறும் தொடங்கிவிடும்.

ஆனால் பால் எப்படி வெட்டுவது என்று அந்த வகுப்பறையில் யார் சொல்லிக்கொடுப்பது? பயிற்சிக் கல்லூரி முடித்து வந்த ஆசிரியருக்கு அது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கத்தி இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் சாய்வில் ஏன் போகிறது? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்காமல் மரத்தைச் சற்றே சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வில் சீவினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் கூட வரும். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், அப்போதுதான் பட்டை மறுபடி வளரும். இருட்டு விலகும் முன்னே ஏன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் சீக்கிரம் நின்றுவிடுகிறது, சிரட்டையில் இறுகிய ஒட்டுப்பாலை ஏன் தனியாகச் சேர்க்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் உங்கள் கையில் இருக்கிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் அந்தப் பதிலைக் கேட்க ஆசையோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பிள்ளை.

தேயிலைப் பக்கத்து அம்மாமாருக்கும் இதே கதைதான். கொழுந்து மடுவத்தில் தராசு ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கண்ணுக்குப் பழகிய காட்சி. காலையில் 7 கிலோ 500 கிராம், பகலில் 6 கிலோ 250 கிராம், பின்னேரம் 5 கிலோ 750 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 19 கிலோ 500 கிராம். சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒன்றரைக் கிலோ கழித்தால் மிச்சம் 18 கிலோ. கிலோவையும் கிராமையும் சேர்த்துக் கூட்டுவதும் கழிப்பதும் ஆரம்ப வகுப்புக் கணிதம். புத்தகத்தில் அது சீனியும் பருப்புமாக இருக்கிறது. உங்கள் பிள்ளை அதைக் கொழுந்தாகச் செய்து பார்த்தால், அன்று பின்னேரம் மடுவத்தில் உங்கள் பக்கத்தில் நின்று கணக்குச் சரியா என்று பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் வீட்டில் உருவாகிறார். நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்காக மனம் குமைந்திருக்கிறீர்கள். அந்தக் கழித்தல் கணக்கைப் பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கிறது.

சம்பளத் துண்டும் அப்படித்தான். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது, தரம் நான்கு பிள்ளைக்கு அது ஆயிரங்களில் ஒன்று, நூறுகளில் மூன்று, பத்துகளில் ஐந்து, ஒன்றுகளில் பூச்சியம் என்ற இடப்பெறுமானப் பாடம். சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து நூற்றுக்கு 8, கம்பெனி போடுவது நூற்றுக்கு 12. நூற்று வீதத்தைப் பிள்ளை மேல் வகுப்பில்தான் படிக்கும். ஆனாலும் அந்தத் துண்டில் உங்கள் பெயர் எங்கே, எந்த இலக்கம் வேலை நாள், எது வெட்டுப் பணம் என்று இப்போதே வாசித்துச் சொல்லும். துண்டை மடித்துப் பெட்டிக்குள் போடும் முன் ஒரு தடவை பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்ப் பாடத்தைப் பற்றி ஒரு மனக்குறையைச் சொல்லத்தான் வேண்டும். லயம், காம்பிரா, பெரட்டு, மடுவம், தவறணை என்று வீட்டில் பேசும் பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு வந்து அதே சொற்களைச் சொன்னால் பிழை என்று திருத்தப்படுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. எழுத்துத் தமிழைப் பிள்ளை படிக்கத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் வீட்டுச் சொல்லைக் கேவலம் என்று நினைக்கப் பழகிய பிள்ளை, அந்தச் சொல்லைப் பேசும் அம்மாவையும் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்க்கக் கூச்சப்படும். காம்பிரா போர்த்துக்கீசரிடமிருந்து வந்து தமிழில் இருநூறு முந்நூறு வருடம் உருண்ட சொல். பெரட்டு ஆங்கிலத்துப் ‘பரேட்’. இந்தச் சொற்களில் உங்கள் பாட்டன் பூட்டனின் பயணம் இருக்கிறது. எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அவர் தேடிப் போனது உங்கள் வீட்டுக் கிழவிகள் வாயில் இருந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும்தான். மாசியில் காமன் கூத்துப் போடும் தோட்டமென்றால், தப்பு அடிக்கிற தாத்தாவிடம் அடியின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தாளம் என்று படிப்பது அதுதான். அப்பாயிமாரே, வகுப்பில் வந்து ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னால் வெட்கப்படாமல் பாடுங்கள். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதட்டும்.

சிங்களத்தில் உங்கள் பிள்ளைகள் நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர்கள். தோட்டத்துக்கு நாலு பக்கமும் சிங்களக் கிராமம். விளையாட்டும் கடையும் பஸ்ஸும் அந்த மொழியில். பேச்சு தானாக வந்துவிடுகிறது, எழுத்து வருவதில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதவும், பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பவும் பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், அந்த இரண்டாம் மொழிப் பாடம் எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்களில் சிலர் பிள்ளையைச் சிங்கள மொழிமூலப் பாடசாலையிலேயே சேர்த்துவிட்டீர்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம், ஆசிரியர் பற்றாக்குறை, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வழியில்லை என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மை. அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் தமிழ் எழுத்து ஒன்று கண்ணில் படட்டும். இந்த மடல் அதன் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் கேட்டோடு நிற்பது உங்கள் பிழை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1907ஆம் ஆண்டு கிராமியப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. அதனால் பள்ளிக்கூடம் துரைக்குச் சொந்தமாயிற்று. ஒரு காம்பிரா, ஒரு வாத்தியார், எல்லா வகுப்புக்கும் ஒரே கரும்பலகை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பள்ளிகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்கம் அந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. முப்பது வருடம் பிந்திப் போனது. துரையின் அனுமதி இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க முடியாத தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நீங்கள். அந்தத் தயக்கம் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்போது அந்தப் பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் பள்ளிக்கூடம், உங்கள் பள்ளிக்கூடம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர்.

சரி, அந்தக் காலைப்பொழுது ஏன் மே மழைக்கு முன்?

சுற்றாடல் பாடத்தில் வானிலை வருகிறது, கணிதத்தில் நீளம் அளப்பது வருகிறது. மில்லிமீற்றரும் சென்ரிமீற்றரும் படிக்கும் பிள்ளையின் பையில் பதினைந்து சென்ரிமீற்றர் நீளமான சின்ன அடிமட்டம் ஒன்று கிடக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மண்சரிவு ஆபத்துள்ள இடங்களுக்குச் சொல்லும் அளவு அந்த அடிமட்டத்துக்குள் அடங்கும். இருபத்துநாலு மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. அது அடிமட்டத்தில் சரிபாதி. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகு. 150ஐத் தாண்டினால் வெளியேறு. உங்கள் பிள்ளையின் அடிமட்டம் முடியும் இடம் அது.

மழையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று பட்டை நனைந்திருக்குமா, இன்றைக்குப் பால்வெட்டு உண்டா என்று மணத்திலேயே சொல்லும் ஆட்கள் நீங்கள். மழை பெய்தால் பேர் இல்லை என்பதால் மழையை உங்களைப் போல் கவனிக்கிறவர்கள் இல்லை. ஆனால் உங்கள் கணக்கு மரம் நனைந்ததா இல்லையா என்பதோடு முடிகிறது. மண் எவ்வளவு குடித்தது என்ற கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் போட ஓர் அளவு வேண்டும், அந்த அளவை இந்தத் தவணையில் பிள்ளை படிக்கிறது.

2016 மே 17ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாள், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயத்து வீடுகளை மூடியது. இரண்டும் கேகாலை மாவட்டம். நாட்கணக்காகப் பெய்த மழைக்குப் பிறகு நடந்தது அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையிலும் கேகாலை தப்பவில்லை. இரத்தினபுரியிலோ வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதில் ஒரு பெரிய பங்கு மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றோடு வருகிறது. லயங்கள் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் இல்லை. பழைய கட்டடத்தை இடம் மாற்றிப் பாதுகாப்பான காணியில் வீடு கட்டித் தர வேண்டியது அரசாங்கமும் கம்பெனியும்தான். அந்தக் கோரிக்கையை ஒரு நாளும் கைவிடாதீர்கள். அது நடக்கும் வரை மழை காத்திருக்காது என்பதால்தான் பிள்ளையின் அடிமட்டத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

பக்கம் நேராக இருக்கும் வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். மேல்பகுதியை வெட்டி, வெட்டிய துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி அதே போத்தலுக்குள் வைக்க வேண்டும். அடியில் கூழாங்கல் கொஞ்சம் போட்டு, போத்தல் நேராகத் தொடங்கும் இடம் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு, அதுதான் பூச்சியம். கோட்டிலிருந்து மேல்நோக்கி அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி ஆயத்தம். மரமோ கூரையோ மறைக்காத வெளியில் அசையாமல் வைத்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, கொப்பியில் எழுதி, பூச்சியக் கோடு வரைக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தரம் நான்கு பிள்ளை தனியாகச் செய்யும் வேலை இது. திகதி, மழை அளவு என்று இரண்டு நிரல் போட்டால் கணிதம். “இன்று மழை பலமாகப் பெய்தது” என்று எழுதினால் தமிழ். அதையே சிங்களத்தில் எழுதிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையிடம் காட்டலாம்.

அந்தப் போத்தல் அரசாங்கத்தின் எச்சரிக்கைக்குப் பதிலாகாது. 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் பேசும். கிராம சேவகர் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். ஆனால் எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் பொதுவாக வருகிறது, போத்தல் உங்கள் லயத்து வாசலில் இருக்கிறது. அதோடு நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று என்று கண்ணில் படும் அடையாளங்களையும் பிள்ளைகள் படிக்க வேண்டும். பீலிக்கரையையும் மலையையும் தினமும் பார்க்கிற நீங்கள் அந்த அடையாளங்களைச் சொன்னால் பிள்ளை மறக்காது.

தரம் மூன்றிலேயே பிள்ளையைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்பி, சனி ஞாயிறும் வினாத்தாளோடு உட்கார வைக்கும் வழக்கம் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. நல்ல பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்கட்டும் என்ற உங்கள் ஆசையில் தப்பில்லை. ஆனால் தரம் ஐந்தில் எழுதும் ஒரு பரீட்சைக்காக, அதற்கு முந்திய இரண்டு வருடத்தில் மழையை அளக்கவும் இலையை எண்ணவும் தாலாட்டை எழுதவும் இருக்கிற நேரத்தை வெட்டிவிடாதீர்கள். கொழுந்து கூடிய மாதத்தில் சின்னப் பிள்ளையைப் பார்க்கவென்று பெரிய பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும், திருவிழாவுக்கு முன்னும் பின்னுமாக ஒரு கிழமை பள்ளிக்கு விடாமல் இருப்பதும் அப்படித்தான். ஒரு ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் சின்னப் பாடசாலையில் அந்தப் பிள்ளைக்குத் தவறிய பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். சித்திரை வருடப்பிறப்பு லீவுக்குப் பள்ளி மூடும் முன் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குள் வாருங்கள். வகுப்பில் பெற்றோர் எல்லாரும் ஒரே நாளில் வர வேண்டும் என்றில்லை. ஒரு லயத்திலிருந்து இரண்டு பேர், பால்வெட்டுகிற ஒருவர், கொழுந்து எடுக்கிற ஒருவர், கூட ஒரு அப்பாயியோ தாத்தாவோ வந்தால் போதும். எந்த நாள் என்பதை அதிபரும் ஆசிரியரும் நீங்களுமாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுங்கள். அந்த அரைப்பேரை வெட்டாமல் செக்ரோல் பதிவேட்டில் போடும்படி நிர்வாகத்திடம் தொழிற்சங்கத் தலைவர்மார் மூலம் எழுத்தில் கேளுங்கள். வருகிறவர்களின் பெயரை எழுதி அதிபரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்குக் கமிட்டி கூடி, காசு சேர்த்து, யார் கரகம், யார் சமையல் என்று பிரித்து நடத்தத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

வரும்போது பால்வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி ஆசிரியர் கையில் கொடுங்கள். ஒரு சிரட்டை, ஒரு துண்டு ஒட்டுப்பால், கூடை, பழைய சம்பளத் துண்டு ஒன்று கொண்டுவாருங்கள். லயத்துக்கு ஒன்றாக வெறும் போத்தலும் எடுத்து வாருங்கள். அன்றைக்கே பிள்ளைகள் அதை வெட்டி, கோடு போட்டு, அடிமட்டம் ஒட்டி ஆயத்தமாக்குவார்கள். பின்னேரம் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், மறைப்பில்லாத இடம் பார்த்து, நீங்களே நிலத்தில் ஊன்றிக் கொடுங்கள். மறுநாள் காலையில் வேலைக்கு இறங்கும் முன் பிள்ளையை எழுப்பி, எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள்.